அ. எழுதிய கவிதை

வெள்ளத்துரையின் கருப்பட்டி மண்டித் தராசில் அன்று காலை முதன்முதலாக ஏறியது ஒரு மீன் கூடை.

"எறக்கும்மா, எறக்கு! சரக்குல கவுச்சி ஏறிரும்!" என்று கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார் வெள்ளத்துரை.

"ஏறட்டும்! எம் மானம் கப்பல் ஏறிப் போச்சே, அத்த எவன் எறக்கறது?" என்றாள் கூடைக்காரி.

காசிமேட்டு மலர்க்கொடி. தண்டையார்பேட்டையில் அவளிடம் மீன் வாங்காத வீடும் இல்லை, வாய் கொடுத்து மீண்ட வீடும் இல்லை.

"உன்னை நான் என்னம்மா சொன்னேன்?"

"எம்புள்ள கழுத்த நெரிச்சேன்னு மேடையேறிச் சொன்னியாமே, நேத்து சாயங்காலம்! குப்பமே சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு கீது!"

வெள்ளத்துரைக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் பக்கத்திலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மதராஸில் டிராம் வண்டி நின்றுபோன வருஷம் அது. வெள்ளத்துரை தெற்கத்திக்காரர். கருப்பட்டி வியாபாரத்துக்கென்று பட்டணம் வந்து, தண்டையார்பேட்டையிலேயே வேரூன்றிவிட்டவர். அங்கிருந்த முத்தமிழ்ப் படிப்பகத்துக்கு அவர்தான் தலைவர். தமிழ் படித்ததனால் அல்ல. படிப்பகத்துக்குப் பெஞ்சு வாங்கிப் போட்டதனால்.

தமிழ் படித்தவர் செயலாளர் தேவப்பிரியம். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்படிக்கிற வேலை. பகலெல்லாம் ஆங்கிலத்தைத் தட்டிவிட்டு, சாயங்காலம் தமிழுக்குத் தவம் கிடப்பார். படிப்பகத்துக்காக அவர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது கை மாறிக் கை மாறிப் பேட்டை முழுக்கச் சுற்றி, எண்ணெயும் டீயும் பூசிக்கொண்டு திரும்பி வரும். எழுதுகிறவர்கள் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அப்படி விழுந்ததுதான் அந்தக் கவிதை. கீழே பெயர் இல்லை; "அ." என்று ஒற்றை எழுத்து மட்டும்.

என் பிள்ளைப் பிராயம்

கண்திற வாத நாளில்
கழுத்தினைப் பிடித்துத் தூக்கி
எண்ணிலா வீடு மாற்றி
எங்களை வளர்த்தாள் அன்னை.

மீன்மணம் கமழும் முத்தம்
மேனியெல் லாமும் தந்தாள்.

தந்தையோ இரவில் கூரைத்
தளத்திலே சண்டை போட்டுக்
கந்தலாய்க் காதும் ஆகிக்
காலையில் உறங்கிப் போவான்.

கூடவே பிறந்த பேர்கள்
கூடையில் எங்கோ போனார்;
ஆடிய மூட்டை மேட்டில்
அடியவன் மட்டும் நின்றேன்.

தேவப்பிரியத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இனி வாராவாரம் படிப்பகத்தில் கவிதை ஆராய்ச்சி என்று அறிவித்து, முதல் கவிதையாக இதையே எடுத்துக்கொண்டார்.

"தலைவரே, நீங்கதான் முதல்ல பேசணும்."

"நான் என்னத்தப் பேச? படிச்சேன். ஒரு வீட்டுல அம்மா, அப்பா, பிள்ளைக. விளங்கத்தானே செய்யுது?"

"விளங்கிட்டா அது ஆராய்ச்சி இல்லீங்க சார். உள்ளுறைன்னு ஒண்ணு இருக்கும். அதைத் தோண்டணும்."

வெள்ளத்துரை தோண்டினார். தோண்டியதில் அவர் கைக்கு அகப்பட்டது கழுத்து. மேடையில் ஏறி, "பச்சைப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறவள் ஒரு தாயா? அல்லது பேயா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. பெஞ்சு வாங்கிக் கொடுத்தபோதுகூட அவருக்கு அப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை. அந்த ருசியில் இன்னும் கொஞ்சம் பேசி, 'கழுத்தை நெரித்தாள்' என்ற இடம் வரைக்கும் போய்விட்டார்.

அதன் பலன்தான் இப்போது தராசில் உட்கார்ந்திருந்தது.

"அத உன் மகன்தான் எழுதினான்னு யாரு சொன்னா?" என்றார் வெள்ளத்துரை.

"அவன் பேரு அப்பாவு. கீழ 'அ'ன்னு போட்டுக்கீதாமே! ஆர்பர்ல வேல செய்றான், சங்கத்து ஊர்வலத்துக்கெல்லாம் அவன்தான் பாட்டு கட்றான். கேட்டா, நா எழுதலம்மான்றான். பொய்யி! மீன் கவுச்சி முத்தம்னு எழுதிக்கீதே, இந்தப் பேட்டையில வேற எவ வாயில கவுச்சி?"

"அப்போ கழுத்தப் பிடிச்சது?"

மலர்க்கொடியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "புடிச்சது நெசம்தான். நடக்கக் கத்துகினதும் நேரா அலைக்குள்ள ஓடுவான். சட்ட கூட இருக்காது. கழுத்தாண்ட புடிச்சுத்தான் இஸ்துகினு வருவேன். அத்தப் போயி நெரிச்சேன்னியே நைனா!"

அதே மேடையில் ஏறி, அவள் நல்ல தாய் என்று சொல்லும்வரை கூடை நகராது என்று சொல்லிவிட்டாள். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர் மண்டிக்குப் போனார்கள். மீன் வாங்க வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

வெள்ளத்துரை தேவப்பிரியத்திடம் ஓடினார்.

"சொன்னதை வாபஸ் வாங்கிருதேன்."

"ஆராய்ச்சியை வாபஸ் வாங்க முடியாது சார். மேற்கொண்டு ஆராயலாம். தாய் நல்லவள்னா, தப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். தகப்பன் சும்மாதானே இருக்கார்?"

மலர்க்கொடியின் புருஷன் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கேட்டதற்கு, "அந்தாள இன்னா வேணா சொல்லிக்க நைனா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவளும் தாராளமாக அனுமதி தந்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் வெள்ளத்துரை தாயை வானளாவப் புகழ்ந்தார். கழுத்தைப் பிடித்தது அன்பின் பிடி என்றார். முன் பெஞ்சில் மலர்க்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் தந்தையின் பக்கம் திரும்பினார். ராத்திரியில் கூரை மேல் ஒருவனுக்கு என்ன வேலை? எவனோடு சண்டை? எதற்காகச் சண்டை? அல்லது யாருக்காக? காது கந்தலாகிற அளவுக்கு அங்கே நடந்தது என்ன? கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.

மறுநாள் மண்டியில் நிம்மதியாகக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை தராசிலிருந்து இறங்கி வாசலுக்குப் போயிருந்தது. "நீ நல்லவன் நைனா, இனிமே உன் வாசல்லயே யாவாரம்" என்று மலர்க்கொடி அங்கேயே கடை பரப்பியிருந்தாள். அந்தக் கூடையைத் தாண்டிக்கொண்டு அத்தாவுல்லா பாய் உள்ளே வந்தார்.

வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரி. பெட்டிக்கடைகளுக்கெல்லாம் கருப்பட்டி போடுகிறவர். வெள்ளத்துரை சரக்கில் பாதி அவருக்குத்தான் போகும். வந்ததும் தலையிலிருந்த குல்லாவை எடுத்தார், முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினார். காதின் மேல் பாதியில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு.

"இன்னா அண்ணாச்சி, நல்லா தெரியுதா?"

"பாய்... இது..."

"எம்மவன் அப்துல் வஹாப் பாட்டெழுதறவன். பேருல மொத எழுத்து இன்னா? 'அ'! கூரை மேல சண்ட, காது கந்தல்! அது காத்தாடி சண்ட அண்ணாச்சி! பக்கத்து மாடிக்காரன் மாஞ்சா போட்டு எங்காத அறுத்தான். சாயங்காலம் ஆரம்பிச்சது, இருட்டிப் போச்சு, அவ்ளோதான்! நீ இன்னாடான்னா யாருக்காகன்னு கேட்டியாமே?"

"அது... ஆராய்ச்சிக்காக, பாய்."

"எம் பொஞ்சாதி அஜீசுன்னிசா இப்ப ஆராய்ச்சி பண்ணிகினு கீறா! அந்த மாடியில யாரு வூடு, அந்த வூட்ல யார் யாரு இருந்தாங்கன்னு ஒண்ணொண்ணா கேக்கறா. ஒரே பேஜாரு! நா வூட்டுக்குப் போவ மாட்டேன். இங்கதான் குந்துவேன்."

சொன்னபடியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். மத்தியானம் ஆனதும் ஒரு அச்சுக் கருப்பட்டியை உடைத்துத் தின்றார்.

"தாயும் வேண்டாம், தகப்பனும் வேண்டாம்" என்றார் வெள்ளத்துரை தேவப்பிரியத்திடம். அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "வேற யார் மேலயாவது போட வழி உண்டா?"

தேவப்பிரியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமுதாயத்து மேல போட்டுடலாம் சார். சமுதாயம் சண்டைக்கு வராது."

அப்படியே செய்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் பெற்றோர் இருவரும் தெய்வங்கள் ஆனார்கள். வறுமைதான் குற்றவாளி என்றார் வெள்ளத்துரை. வாடகைக்கு இடமில்லாமல் வீடு வீடாக அலைந்த குடும்பம். சோற்றுக்கு இல்லாமல், பெற்ற பிள்ளைகளைக் கூடையில் வைத்து ஊரார் வீட்டுக்குக் கொடுத்த குடும்பம். பேசப் பேச அவரே துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பெண்கள் பெஞ்சில் இருந்த அவர் மனைவி ஞானசெல்வி பாதியிலேயே எழுந்து போனாள். மனம் உருகிப்போய் எழுந்து போகிறாள் என்று வெள்ளத்துரை நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு குதிரை ஜட்கா நின்றது. உள்ளே கூடத்தின் நடுவில், சுருட்டிய படுக்கையின் மேல், மாமியார் ஞானபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூரில் மகன் அருமைநாயகத்தோடு இருப்பவள்; ஞானசெல்வி நேரே போய் அழைத்து வந்திருந்தாள்.

"மாப்பிள்ளை, நாங்க எப்போ சோத்துக்கு இல்லாமக் கெடந்தோம்?"

வெள்ளத்துரைக்கு நெஞ்சுக்குள் மளமளவென்று ஒவ்வொன்றாக விழுந்தது. அருமைநாயகம் காலேஜில் படிக்கும்போதே கவிதை எழுதியவன். மாமனார் பள்ளிக்கூட வாத்தியார், ஊர் ஊராக அவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஞானசெல்விக்கு மூத்தவளைப் பிள்ளையில்லாத சித்தி வீட்டில் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள்.

"அய்யோ அத்தை! அது அருமைநாயகம் எழுதினது இல்ல!"

"அவனும் அதைத்தான் சொல்லுதான். பின்ன, பெத்த தாய் முகத்தப் பாத்து ஆமான்னா சொல்லுவான்? எம்பிள்ளைய நான் கூடையில வச்சா குடுத்தேன்? வில்வண்டி பூட்டி, மேளம் வச்சு அனுப்பினேன்! நீங்க மேடையில நின்னு கூடைன்னு சொன்னியளாமே!"

"கவிதையில கூடைன்னு இருக்கு அத்தை."

"இருந்தா? அதை நீங்க வாசிக்காமத் தாண்டிப் போவக் கூடாதா?"

ஞானபாக்கியம் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. தாயார் சாப்பிடாத வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க ஞானசெல்விக்கு மனம் வரவில்லை. வெள்ளத்துரை காலையில் எழுந்து மண்டிக்குப் போய் அத்தாவுல்லா பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் ஒரு கருப்பட்டியை உடைத்துப் பாதியை நீட்டினார்.

"இனிப்பு தெவட்டுது அண்ணாச்சி" என்றார் பாய், தன் பாதியைத் தின்று முடித்ததும்.

"ஆமா பாய்."

வாசலிலிருந்து மலர்க்கொடி இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "வறுத்த மீனு கீது, துன்றீங்களா?"

இந்த நிலையில்தான் தேவப்பிரியம் ஒரு யோசனையோடு வந்தார். கவிதையை வருஷத்தின் சிறந்த கவிதை என்று அறிவித்துவிட வேண்டும். இப்படி ஒரு கவிஞனைப் பெற்றதற்காக அவன் பெற்றோரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும். கவிஞரும் வந்து தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வாசலில் ஒரு தட்டி வைத்துவிட்டால், மற்ற இரண்டு குடும்பங்களும் 'நாங்கள் இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளத்துரை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே தட்டி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் மலர்க்கொடி கூடையை மறுபடியும் தராசில் ஏற்றினாள்.

"எனக்குத்தான நைனா பொன்னாட? கழுத்த புடிச்சது நானு, முத்தம் குடுத்தது நானு!"

"ந்தா, இரு!" என்று மூட்டையிலிருந்து எழுந்தார் அத்தாவுல்லா பாய். "முத்தம் எல்லா அம்மாவும்தான் குடுப்பா. காது? கந்தலான காது இந்த ஜில்லாவுல யாருக்குக் கீது? அஜீசுன்னிசாவே ஒத்துகினா. பாட்டுல வந்த காதாச்சே, பத்திரமா பாத்துக்கன்னு எண்ண தடவி அனுப்பிக்கீறா!"

"கூரை மேல சண்ட போட்டதுக்கு ஒனக்குப் பொன்னாடையா?"

"கழுத்த நெரிச்சதுக்கு ஒனக்கா?"

இதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. ஞானபாக்கியம் இறங்கினாள். கையில் ஒரு பழைய பனையோலைக் கூடை.

"மாப்பிள்ளை, ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். வில்வண்டிக்குள்ள பிள்ளைய இந்தக் கூடையிலதான் வச்சேன். இப்போதான் ஞாபகம் வருது."

மூன்று பேரும் வெள்ளத்துரையைப் பார்த்தார்கள். வெள்ளத்துரை கருப்பட்டி மூட்டைகளைப் பார்த்தார்.

பரிசளிப்பு அன்று படிப்பகத்தில் இடம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேயும் ஆட்கள் தொங்கினார்கள். காசிமேடு ஒரு பக்கம், வண்ணாரப்பேட்டை ஒரு பக்கம், நடுவில் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த ஞானபாக்கியத்தின் உறவுக்காரர்கள். அப்பாவு, அப்துல் வஹாப், அருமைநாயகம் மூவரையும் மேடையில் ஏற்றி நிறுத்தினார் தேவப்பிரியம். மூன்று பேரும் 'நான் எழுதவில்லை' என்று சத்தியம் செய்தார்கள்.

"அடக்கம்!" என்றார் அத்தாவுல்லா பாய் பெருமையோடு. "சின்ன வயசுலேந்தே அவன் அப்டித்தான்."

"எம்புள்ளையும் அப்டித்தான்!" என்று கத்தினாள் மலர்க்கொடி.

பெஞ்சுகள் இழுபட்டன. யாரோ யாரையோ தள்ளினார்கள். தேவப்பிரியம் வெள்ளத்துரையின் காதில், "ஏதாவது பேசுங்க சார், பெஞ்சு உடையுது!" என்றார்.

வெள்ளத்துரை மேடையின் முனைக்கு வந்தார். எதைத் தோண்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கவிதையைக் கையில் எடுத்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் தாளை மடித்தார். பிறகு, பிரசங்கத் தமிழெல்லாம் மறந்துபோய், ஊர்ப் பேச்சிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க அம்மா வாயில மீன் மணம் கெடையாது. பதநி காச்சுற புகை மணம். அடுப்படியில எரியிற ஓலைக்குள்ள நான் தவழ்ந்து போயிருவேனாம். ஒரு கையால பாகைக் கிண்டிக்கிட்டே, மறு கையால என் பிடரியப் பிடிச்சுத் தூக்கி அந்தப் பக்கம் போடுவா. அவ செத்தப்போ நான் இங்க சரக்கு எறக்கிட்டிருந்தேன். மொதல் தடவ இதைப் படிச்சப்போ இதெல்லாம் எனக்குத் தோணவே இல்ல. பேயான்னு கேட்டேன். இது யாரு எழுதினா என்ன? எங்க அம்மாவும் இதுல இருக்கா."

கூட்டத்தில் சத்தம் அடங்கியது. ஜன்னல் கம்பியில் தொங்கியவர்களில் ஒருவர் விசும்பினார். மலர்க்கொடி ஓவென்று அழுதுகொண்டு போய் ஞானபாக்கியத்தைக் கட்டிக்கொண்டாள். புடவையில் மீன் வாசனை ஏறுகிறதே என்று ஞானபாக்கியம் பின்வாங்கவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். அத்தாவுல்லா பாய் காதைத் தடவியபடி, "அல்லா!" என்றார். பெண்கள் பெஞ்சில் ஞானசெல்வி புருஷனைப் பார்த்த பார்வையில், இன்று ராத்திரி அடுப்பு எரியும் என்பது தெரிந்தது.

தேவப்பிரியம் இரண்டு கைகளையும் விரித்தார். "இதுதான் உள்ளுறை! மூன்று குடும்பங்களுக்கும் ஒரே தாய், ஒரே தந்தை! கவிஞர் யாராயிருந்தாலும், அவர் நம் எல்லோருடைய பிள்ளை!"

பெற்றவர்கள் மூன்று பேரையும் மேடைக்கு அழைத்து, பொன்னாடையை அகலமாக விரித்துச் சேர்த்துப் போர்த்தினார்கள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, வாசற்படியில் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் கையைத் தூக்கியபடி நிற்பதை வெள்ளத்துரைதான் முதலில் பார்த்தார். சட்டையெல்லாம் கோதுமைத் தூசி.

"யாருப்பா?"

"அம்புரோஸுங்க. ஆர்பராண்ட தானிய கொடோன்ல வாச்மேனு. நைட் டூட்டி, பகல்ல தூங்கிடுவேன். அதான் ஆராய்ச்சிக்கெல்லாம் வர முடியல. தட்டிய இப்பதான் பாத்தேன்." அவர் கூச்சத்தோடு தொப்பியைக் கழற்றினார். "அந்தப் பாட்ட நாந்தான் எழுதிப் பொட்டியில போட்டேன்."

கைதட்டல் நின்றது. பொன்னாடைக்குள் மூன்று தலைகள் திரும்பின. யாருக்கும் கோபம் வரவில்லை; அழுது முடித்தவர்களுக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது. வெள்ளத்துரை இறங்கிப் போய் அம்புரோஸின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"உங்க தாயார நான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. அவங்க உயிரோட இருக்காங்களா? கூப்பிட்டு வாங்க, இந்தப் பொன்னாடை அவங்களுக்குத்தான்."

அம்புரோஸ் ஒன்றும் புரியாமல் அவரையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, அத்த கேக்கறியா சார்? அது சோக்கா கீது, எங்க கொடோன்ல எலி புடிச்சிகினு. இந்த தபா நாலு குட்டி போட்டுக்கீது, உன் மண்டிக்கு ஒண்ணு வோணுமா?"